பத்தொன்பது பேர், மற்றும் சிலர்

பிப்ரவரி 5, 1984. ஞாயிறு

அம்மா நேற்றே தன் நீலக் கவுனை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். காலையில் எலுமிச்சை கேக் செய்தாள், பெரியது, இருபது துண்டு போடலாம். எல்லாம் வீண்.

எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் இருக்கும் எண்ணை வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்துவார்கள். பிப்ரவரி முதல் ஞாயிறு, எங்கள் நாட்டில் அது கோடை. ஹோட்டல்காரர் கிளெம் ஏணியும் வெள்ளைப் பெயிண்டும் கொண்டு வருவார். இறந்தவர்களைக் கழிப்பார். பத்துக் கோடையை விடாமல் இங்கேயே இருந்து தாங்கியவர்களைக் கூட்டுவார். பத்து ஆகாதவர்களுக்குப் பெயர் ‘காத்துல வந்தவங்க’. அவர்கள் எண்ணில் சேர மாட்டார்கள்.

நாங்கள் வந்தது 1974 நவம்பரில். எனக்கு அப்போது இரண்டு வயது. இந்தக் கோடை பத்தாவது. விரல்விட்டு எண்ணினேன், நோட்டில் எழுதி எண்ணினேன். பத்துதான்.

கிளெம் ஏணியில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார். “அஞ்சுதான் ரீட்டா. எழுபத்தொன்பது ஜனவரியில நீங்க கடற்கரைக்குப் போயிட்டீங்க. கோடை அறுந்துபோச்சு. மறுபடி முதல்லேருந்து.”

கடற்கரைக்குப் போனோமாம்! எனக்குக் குடல்வால் வெடித்தது. டாக்டர் விமானம் வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஜன்னல் வழியாகக்கூடக் கடல் தெரியவில்லை. ஒரு சுவரும் குழாயும்தான் தெரிந்தன. இதை நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கிளெம் வருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் விதி தன் அப்பா காலத்தில் போட்டது, தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்றார்.

அம்மா, “விடு டில்டா” என்றாள். அவ்வளவுதான். பிறகு கேக்கை வெட்டிக் கொடுத்தாள். கேக் காற்றில் வந்ததென்று யாரும் அதை ஒதுக்கவில்லை.

பலகையில்: டனிகன் ஊற்று. மக்கள்தொகை 19.

பிப்ரவரி 6

தழும்பைக் கண்ணாடியில் பார்த்தேன். உல்லாசப் பயணம் போய்வந்த தழும்பு!

பிப்ரவரி 9, வியாழன்

கல்வித் துறையிலிருந்து அதிகாரி வந்தார், சின்ன விமானத்தில். டிசம்பர்ப் புயல்காற்றில் எங்கள் பள்ளிக் கூரை பாதி பறந்துபோனது. அன்றிலிருந்து குதிரைப் பந்தயக் கொட்டகையில்தான் வகுப்பு. புதுக் கூரை போடலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்.

மிஸ் ப்ரூவர் எங்கள் ஒன்பது பேரையும் முகம் கழுவ வைத்து உட்கார்த்தியிருந்தார். நான் ஊர் வரலாற்றைப் பற்றி எழுதிய கட்டுரையை வாசிப்பதாக இருந்தது — தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் டனிகன் என்பவர் துளை போட்டு வெந்நீர் ஊற்றைக் கண்டது, வண்டி முறிந்துபோய் இங்கேயே தங்கியது, எல்லாம். அதிகாரி வாசலில் நின்று “நல்லது, நல்லது” என்றார். உள்ளே வரவில்லை. நாற்பத்து நான்கு டிகிரி. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கிளெம் ஹோட்டலில் இரண்டு கிளாஸ் எலுமிச்சைச் சாறு. பிறகு பெயர்ப்பலகையைப் படம் எடுத்தார். கிளெம் பக்கத்தில் நின்று சிரித்தார்.

மொத்தம் நாற்பது நிமிடம். நான் பந்தயக் கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13, செவ்வாய்

தபால் லாரி வந்தது. கடிதமும் வந்தது. மிஸ் ப்ரூவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு எங்களுக்கு வாசித்தார், குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஊரின் மக்கள்தொகை 19. குறைந்துகொண்டே வருகிறது. இவ்வளவு சிறிய ஊருக்குப் புதுக் கூரை போடுவதற்கில்லை. ஜூன் 22-ஆம் தேதியோடு பள்ளி மூடப்படும். பிள்ளைகள் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கலாம்.

அம்மா ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே, “அப்போ நாம கிளம்ப வேண்டியதுதான். பெரியம்மா வீட்டுப் பக்கம் ஏதாவது சமையல் வேலை கிடைக்கும்” என்றாள். ஒன்பது வருடம் இருந்த ஊர். ஒரு உருளைக்கிழங்கு முடிவதற்குள் முடிவாகிவிட்டது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கோரல் ஓடையைக் கடந்து வீட்டுக்குப் போனாள். அவள் விடுதிக்குப் போக மாட்டாள். அவள் அம்மா நோரீன் ஆன்ட்டி அனுப்ப மாட்டார். அவர்கள் இந்த மண்ணின் பழங்குடிகள். அவரை ஆறு வயதில் ஓடைக்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அரசாங்கம் சொன்னதென்று. விடுதியில்தான் வளர்ந்தார். பத்தொன்பது வயதில்தான் திரும்பி வர முடிந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் பள்ளி மூடினால் நான் வேறு பள்ளிக்குப் போவேன். கோரல்?

கோரல் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

மார்ச் 14

பத்தொன்பது என்று யார் சொன்னது? பள்ளியில் மட்டும் ஒன்பது பேர். மிஸ் ப்ரூவரையும் சேர்த்தால் பத்து. மீதி ஊரெல்லாம் சேர்த்து ஒன்பது பேரா? அந்த மனிதருக்குக் கண் இல்லையா?

பள்ளி விட்டதும் நேராகக் கிளெம்மிடம் போனேன். கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறைக்கவே இல்லை.

“ஊர்ல எத்தனை பேருன்னு கேட்டாரு. பலகையைக் காட்டினேன். எங்கப்பா காலத்துலேருந்து அந்தப் பலகை பொய் சொன்னதில்லை, டில்லி கண்ணு.”

“அப்போ நான்?”

“நீ இங்க இருக்கே. ஆனா இன்னும் இந்த ஊர்க்காரி ஆகலை. ரெண்டும் வேற வேற.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஒரு ஊரே தன் பள்ளிக்கூடத்தைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. வெளியாள் யாரும் செய்யவில்லை. பெயிண்ட் டப்பாவும் பெருமையும் செய்தன. இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. துறைக்கு எழுதும் பதில் கடிதத்தில் சேர்க்கலாம்.

மார்ச் 17, சனி

நானே எண்ணிவிட்டேன்.

முந்தாநாள் கோரல் ஸ்கேல் வைத்து எனக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள்: பெயர், வயது, எத்தனை வருடமாக. இன்று காலை ஏழு மணிக்கே கிளம்பி இரண்டு தெருவிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். சிலர் நான் லாட்டரிச் சீட்டு விற்க வந்ததாக நினைத்தார்கள். கங்காரு வேட்டைக்காரர் டெஸ், மாதத்தில் பாதி நாள்தான் ஊரில் இருப்பார், “என்னைப் பாதியா எழுதிக்கோ” என்றார். முழுதாகவே எழுதினேன். பெட்ரோல் பங்கு நடத்தும் தம்பதி வந்து எட்டுக் கோடை ஆகிறது. எண்ணுகிறேன் என்றதும் அந்த அம்மா என்னை உட்கார வைத்து குடிக்கக் கொடுத்தார். மிஸ் ப்ரூவர் தன் வயதைச் சொல்லவில்லை. ‘பெரியவர்’ என்று எழுதினேன்.

முப்பத்து மூன்று! பத்தொன்பது இல்லை, முப்பத்து மூன்று. பதினான்கு பேரைக் கிளெம் முழுங்கிவிட்டார்.

எவ்வளவு அநியாயம். கூட இருந்து சாப்பிட்டு, கூட நெருப்பணைத்து, பெயர் மட்டும் இல்லை என்றால்? பட்டியலை மைப்பேனாவால் அழகாகப் படியெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் காட்டுவேன்.

மார்ச் 19, திங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பட்டியலைக் கோரலிடம்தான் முதலில் காட்டினேன். மெதுவாக வாசித்தாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“நல்லா எழுதியிருக்கே. நான் எந்தப் பக்கத்துல வர்றேன்?”

நான் வேகமாகத் தேடினேன். எங்கோ இருக்கும் என்று உண்மையாகவே நம்பித் தேடினேன். இல்லை. கோரல் இல்லை. நோரீன் ஆன்ட்டி இல்லை. ஓடைக்கு அப்பால் இருக்கும் யாருமே இல்லை. நான் இரண்டு தெருவையும் எண்ணினேன். தெரு எங்கே முடிகிறதோ அங்கே நின்று, கணக்கு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடையில் தண்ணீர்கூட இல்லை. வறண்டு கிடக்கிறது. இருபது எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

அவள் போட்ட கோட்டில் அவள் பெயரை எழுதவில்லை.

மறந்துபோச்சு, கோரல், என்றேன். அவள், “தெரியும்” என்றாள்.

கிளெம்மாவது தெரிந்தே விட்டுவிட்டார். நான் தெரியாமலே விட்டிருக்கிறேனே — எது மோசம்? கிளெம் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்மேல் வைத்துக்கொள்ள மனசு வரமாட்டேன் என்கிறது. சே.

மார்ச் 20

கோரல் முன்வரிசைக்கு மாறிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 21, புதன்

ஓடையைக் கடந்து போனேன். நோட்டையும் கொண்டு போனேன். அது தப்பு என்று போன பிறகுதான் தெரிந்தது.

நோரீன் ஆன்ட்டி காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. என் செருப்பை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

“பேரு எழுத வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான் ஆன்ட்டி.”

“எது முதல்ல?”

எனக்குப் பதில் சொல்ல நேரமானது. அவ்வளவு நேரமானதே பதிலாகிவிட்டது.

வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார். “இங்க நோட்டோட வந்து எங்க பேரை எழுதினவங்க யாரும் எங்களுக்கு நல்லது பண்ண எழுதலை. நான் சின்னவளா இருக்கறப்போ போலீஸ்காரரு வந்து எழுதிட்டுப் போனாரு. அடுத்த வாரம் லாரி வந்துச்சு. எனக்கு ரெண்டு பிள்ளை பொறந்த அப்புறம்தான் இந்த நாடே என்னை ஆளுன்னு எண்ணிக்கையில சேர்த்துச்சு. இப்போ உங்க ஸ்கூலுக்குக் கூரை வேணும், அதனால நீ சேர்க்க வந்திருக்கே.”

அது கோரலின் பள்ளியும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லாதது நான் இந்த வாரம் செய்த ஒரே நல்ல காரியம்.

“நோட்டை மூடு. அந்தப் பெரிய ஸ்பேனரை எடு” என்றார்.

ஒரு மணி நேரம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பெயர் எழுதும் பேச்சே வரவில்லை. கோரல் வீட்டுக்குள் இருந்தாள். வெளியே வரவில்லை.

மார்ச் 25, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும். கை வலித்தாலும்.

மூன்று மணிக்கு ஹோட்டலில் கூட்டம். துறைக்கு என்ன பதில் எழுதுவது என்று. மதியச் சாப்பாடு முடியாதவர்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் ப்ரூவர் என் பட்டியலைக் காட்டி, முப்பத்து மூன்று என்று எழுதலாம், ஓடைக்கு அப்பால் உள்ளவர்களையும் கேட்கலாம் என்றார்.

கிளெம் முடியாது என்றார். அந்த அதிகாரி பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். பலகையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று என்றால் ஊரே பொய் சொன்னதாகிவிடும். வேண்டுமானால் தானே துறைக்குப் போய்க் கெஞ்சிப் பார்ப்பதாகச் சொன்னார். பலகையை மாற்று என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பத்துக் கோடை ஆகவேண்டும் என்றார். பந்தயக் கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகளை விட ஒரு மரப்பலகை பெரிதாகப் போய்விட்டது! நான் எழுந்து பேசப் போனேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

ஏப்ரனோடு வந்தாள். கிளெம்மின் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். பாதி ஆட்டிறைச்சி அதில் இருந்தது.

“ரீட்டா, நான் இன்னும் முடிக்கலை.”

“என்னை எண்ணறதுக்கு வாய் வரலை. நான் சமைச்சது மட்டும் அந்த வாய்ல எப்படி எறங்குது, கிளெம்?”

அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. பதினோரு தட்டையும் எடுத்து அடுக்கினாள். அம்மாவா இது? ‘விடு டில்டா’ என்று சொன்ன அம்மாவா? கடைசித் தட்டைக் கொடுக்கும்போது டெஸ் தானே கத்தியையும் முள்கரண்டியையும் ஒழுங்காக மேலே வைத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் நோரீன் ஆன்ட்டி முன்வாசல் வழியாக வந்தார். அவர் அந்த வாசலில் நுழைந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பின்பக்க ஜன்னலில்தான் அவருக்குப் பொருள் கொடுப்பார்கள். மடித்த தாள் ஒன்றை மிஸ் ப்ரூவர் கையில் கொடுத்தார். அவரே எழுதியது. பதினேழு பெயர்.

கிளெம் தொண்டையைச் செருமினார். “நோரீன், உங்களைக் குறை சொல்லலை. ஆனா நீங்க எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். டனிகன் ஊற்றுல வர மாட்டீங்களே.”

“வரணும்னு நான் எப்போ கேட்டேன்? இந்தத் தாள் ஸ்கூலுக்கு. என் வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரு அங்க படிக்கறாங்க.”

“இல்லை, பத்துக் கோடைன்னு ஒரு முறை—”

“எங்க கணக்குல நீங்க இன்னும் வந்தே சேரலை, கிளெம்.”

டெஸ்ஸுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். கிளெம் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அடுக்கி வைத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா கேட்டார்.

ஐம்பது பேர் என்று கடிதம் எழுதியாயிற்று. எழுதத் தெரிந்தவர் எல்லோரும் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போடுவது என்று முடிவு. பெயிண்ட் டப்பா, பெருமை என்று நான் எழுதிய வாக்கியத்தை மிஸ் ப்ரூவர் எடுத்துவிட்டார். கிளெம் அதன் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம். அதனால் என்ன? உண்மைதானே?

ஏப்ரல் 1

கிளெம் ஏணியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்து ஓடினேன். என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா?

‘மக்கள்தொகை 19. மற்றும் சிலர்.’

சிலராம்! முப்பத்தொரு பேர் சிலரா? பத்தொன்பது பேருக்கு எண் உண்டு, முப்பத்தொரு பேருக்கு எண்கூடக் கிடையாதா? முட்டாள்தனம் என்று நேராகவே சொன்னேன். மேற்கொண்டு எழுத இடமில்லை என்றார். ஐம்பது என்று எழுதப் பத்தொன்பதைவிட இடம் அதிகம் வேண்டுமா என்ன?

வந்து அம்மாவிடம் கொதித்தேன். அம்மா அடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நான் சிலர்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 2

கோரல் பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. ரப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

ஏப்ரல் 10

பதில் இல்லை.

ஏப்ரல் 24

பதில் இல்லை. கிளெம்முக்கு விதைக் கடைப் புத்தகம் வந்தது.

மே 8, செவ்வாய்

‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.’ ஒரே வரி. ஐம்பது பேருக்கு ஒரு வரி. மூட வேண்டும் என்றபோது மட்டும் இரண்டு பக்கம் எழுதத் தெரிந்ததே.

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ‘சும்மா பார்த்தேன்’ என்றாள். சும்மா யாரும் பெட்டியைப் பார்க்க மாட்டார்கள்.

மே 17, வியாழன்

வேறு அதிகாரி, ஒரு பெண்மணி. இரண்டு நாள் தங்கினார். முதலில் வகுப்பில் உட்கார்ந்தார், கடைசி வரை. கோரல் பின்னக் கணக்குப் போட்டதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு ஓடைக்கு அப்பால் போனார். நோரீன் ஆன்ட்டி அவரை முதல் அரை மணி நேரம் வெளியிலேயே நிற்க வைத்தாராம். பிறகு தேநீர் கொடுத்தாராம். கோரல் சொன்னாள்.

ஜூன் 5, செவ்வாய்

பள்ளி மூடப்படாது. கூரை வருகிறது.

மிஸ் ப்ரூவர் அழுதுவிட்டார். நாங்கள் எல்லோரும் பந்தயக் கொட்டகையைச் சுற்றி ஓடினோம், குதிரைகள் மாதிரி. அம்மா பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்ட சத்தம் தெருவரை கேட்டது.

கடிதத்தின் கடைசி வரியை நான்தான் கவனித்தேன்: இரண்டு வருடம் கழித்து மீண்டும் பார்க்கப்படும். இரண்டு வருடம்! ஒரு ஊர் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? தலைநகரத்தை யாராவது அப்படிக் கேட்கிறார்களா? இதை எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்காவது சந்தோஷமாக இரேன் என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன்.

ஜூன் 22, வெள்ளி

பள்ளி மூடுவதாக இருந்த நாள். இன்று எங்களுக்கு எழுத்துப் பரீட்சை, இருபது மார்க்குக்கு. பதினேழு வாங்கினேன். கோரல் பத்தொன்பது.

மூன்று மணிக்குத் தகரம் ஏற்றிய லாரி வந்தது. முந்நூறு கிலோமீட்டர் புழுதி அதன்மேல் இருந்தது. பொருள் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வேண்டும், ஊர் சார்பில் யார் போடுவது என்று டிரைவர் கேட்டார். மிஸ் ப்ரூவர் சின்னவன் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளெம்மும் டெஸ்ஸும் லாரிமேல் ஏறிக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த நோரீன் ஆன்ட்டிதான் பக்கத்தில் நின்றார். “கொண்டா” என்று தாளை வாங்கினார்.

பெயர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். ‘இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கொஞ்சம் நீளமாக எதையோ எழுதினார்.

டிரைவர் தாளைத் தூரத்தில் பிடித்து வாசித்துப் பார்த்தார். “இது எங்க இருக்கு? நான் டனிகன் ஊற்றுக்குல்ல வந்தேன்?”

“நீ நிக்கற இடம்தான்.”

டிரைவருக்கு வாயில் நுழையவில்லை. கோரல் அவருக்காக மெதுவாக ஒருமுறை சொன்னாள், பிறகு இன்னொரு முறை. அவர் திருப்பிச் சொன்னார், ஏறக்குறைய சரியாக. லாரிமேல் இருந்த கிளெம் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நோட்டு முழுதும் ‘ஓடைக்கு அப்பால்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். நோரீன் ஆன்ட்டி எழுதியதுதான் ஓடைக்கு இந்தப் பக்கத்துக்கும் அவர்கள் மொழியில் பெயராம். ஊர் வரலாறு எழுதியவள் நான்.

வீட்டுக்கு வரும் வழியில் கோரலிடம் எனக்கும் சொல்லித்தரக் கேட்டேன். சொல்லித்தந்தாள். நாலு தடவைக்குப் பிறகு சரியாக வந்தது. இதில் எழுதலாமா என்று கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அடுத்த வரியை விட்டுவைத்திருக்கிறேன்.